நோய்நிலை உணர்த்தல்: கைத்தொலைபேசி வினாக்கொத்துகளின் தமிழ் பற்றிய ஒரு நோக்கு

திருக்குறளின் தொண்ணூற்றைந்தாம் அதிகாரமாகிய 'மருந்து' தனது இறுதிக் குறளில் மருத்துவத்தை நான்கு கூறுகளாக வகுக்கின்றது. நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து உதவுபவன் என்பன அவை. இவ்வரிசையில் நோயுற்றவனே முதலில் நிற்கின்றான் என்பது கவனிக்கத்தக்கது. இதற்கு உரை வகுத்த பரிமேலழகர் ஒவ்வொரு கூறினையும் மேலும் நான்காகப் பகுத்து, நோயுற்றவனுக்குரியவற்றுள் 'நோய்நிலை உணர்த்தல்' என்பதனையும் ஒன்றாகச் சேர்த்தார். தன் உடலில் நிகழ்வதைத் தானே எடுத்துரைப்பதும் மருத்துவத்தின் ஓர் உறுப்பு என்பது இதனாற் பெறப்படும். வடமொழி ஆயுர்வேத நூல்களிலும் இத்தகைய பகுப்பு உண்டாதலின் இது தமிழர்க்கே உரிய கண்டுபிடிப்பு எனப் பெருமை கொள்வதற்கில்லை. அன்றியும், பழம்பெருமை பேசுவோர் பெரும்பாலும் விட்டுவிடும் செய்தியொன்றும் அவ்வுரையில் உண்டு. நோயுற்றவனுக்குரிய நான்கனுள் பரிமேலழகர் முதலாவதாக வைத்தது பொருளுடைமை. பொருளற்றவன் நோய்நிலை உணர்த்த முற்பட்டால் அதனைக் கேட்பவர் யார் என்ற வினா அங்கு எழவேயில்லை.

அவ்வினாவை இன்று எழுப்புவதற்குப் புதியதொரு காரணம் தோன்றியுள்ளது. கடந்த இரு தசாப்தங்களில், நோயாளி தன் குணங்குறிகளைத் தானே பதிந்து வைத்தியருக்கு அனுப்பும் முறை கணினி வழியாகவும் கைத்தொலைபேசிச் செயலிகள் வழியாகவும் உலகின் பல பாகங்களிற் பரவி வருகின்றது. இவ்வாரம் நோவு எவ்வளவு, உறக்கம் எப்படி, உணவு செல்கின்றதா, படியேற முடிகின்றதா என்று செயலி வினவும். நோயாளி திரையைத் தொட்டு விடையளிப்பார். விடை வைத்தியசாலையைச் சேரும். மருத்துவத் துறையினர் இதனை மருத்துவப் பிரச்சினையாகவும் கணினித் துறையினர் தொழினுட்பப் பிரச்சினையாகவும் ஆராய்ந்துள்ளனர். ஆனால் வினாக்கொத்து என்பது முதற்கண் ஓர் எழுத்து. அதற்கு ஒரு மொழி உண்டு. அம்மொழியைப் பேசும் ஒரு குரல் உண்டு. அக்குரல் மனத்திற்கொண்ட ஒரு வாசகரும் உண்டு. கைலாசபதியின் 'இலக்கியமும் திறனாய்வும்' முதலாய நூல்களைப் பயின்றோர்க்கு, எழுத்தினை அது வழங்கும் சமூகத்திலிருந்து பிரித்து நோக்கலாகாது என்பது புதிய பாடமன்று. நாவலுக்கும் கவிதைக்கும் விடுக்கப்படும் வினாக்களை இவ்வெழுத்துக்கும் விடுத்தல் பொருந்தும். கண்டியைக் களமாகக் கொண்டு அதனைச் செய்தல் மேலும் பொருந்தும். தமிழ் பேசும் நோயாளி, பெரிதும் சிங்களத்தில் இயங்கும் வார்ட்டு, ஆங்கிலத்தில் எழுதப்படும் நோய்க்குறிப்பு என்னும் மூன்றும் ஒரே கட்டிலைச் சுற்றிச் சந்திக்கும் இடம் இது.

இம்முறையை எடுத்த எடுப்பிலே நிராகரிப்பது நேர்மையாகாது. நியூயோர்க்கிலுள்ள மெமோரியல் ஸ்லோன் கெற்றரிங் புற்றுநோய் நிலையத்தில் ஈதன் பாஷ் என்னும் வைத்தியரும் அவர்தம் சகாக்களும் 2007 முதல் 2011 வரை 766 நோயாளரைச் சேர்த்து ஓர் ஆய்வினை நடத்தினர். அனைவரும் உடலிற் பரவிய புற்றுநோய்க்கு மருந்தேற்றிக்கொண்டிருந்தவர்கள். ஒரு சாராருக்கு வழமையான பராமரிப்பு. மறுசாரார் அதனோடு 12 பொதுவான குணங்குறிகளைக் கணினி வழியே தாமே பதிந்து வந்தனர். 2017ஆம் ஆண்டு வெளியான முடிவின்படி, தாமே பதிந்தோரின் இடைநிலை உயிர்வாழ்வுக் காலம் 31.2 மாதங்கள், ஏனையோருடையது 26.0 மாதங்கள். புதிய மருந்தெதுவுமின்றி ஐந்து மாத ஆயுள் கூடிற்று. நோயாளியின் சொல்லே மருந்தாயிற்று என்று எழுதத் தோன்றும். அவ்வாறு எழுதியவர்களும் பலர். அஃது அரை உண்மை. குணங்குறி கடுமையாயினும் மோசமாயினும் தாதியர்க்கு உடனே மின்னஞ்சல் சென்றது. அவ்வாறு சென்றவற்றுள் நான்கில் மூன்றுக்கு மேற்பட்டவற்றுக்குத் தாதியர் ஏதேனும் ஒரு வகையிற் செயற்பட்டனர். சொல்லுக்கு மறுமொழி கிடைத்தது என்பதே அவ்வாய்வின் மையம். இன்னொன்றும் குறிப்பிடல் வேண்டும். அந்நோயாளருள் முன்னர் கணினிப் பழக்கமற்றவர்கள் 227 பேர். பழக்கமுடையோரைக் காட்டிலும் இவர்களே அதிக நன்மை பெற்றனர் என 2016இல் வெளியான கட்டுரை காட்டிற்று. கல்வி குறைந்தோரும் முதியோரும் இத்தகைய சாதனங்களைக் கையாள மாட்டார் என்று படித்தவர்கள் பரிவோடு கூறும் வாதத்தினை இச்செய்தி பெரிதும் பலவீனப்படுத்துகின்றது. தோட்டத்து மக்களைப் பற்றிப் பேசும்போது இப்பரிவு அடிக்கடி தலைகாட்டும்; எனவே இதனை மனங்கொள்ளல் நன்று.

இலங்கையில் நோயாளர் தம் குணங்குறிகளைக் கைத்தொலைபேசி வழியே தாமே அறிவிக்குமாறு பரந்த அளவிற் கோரப்பட்ட சந்தர்ப்பம் 2021ஆம் ஆண்டு ஆகஸ்டில் நேர்ந்தது. கொவிட் தொற்று உச்சமடைந்து வைத்தியசாலைகளில் கட்டில்கள் நிரம்பியபோது, வீட்டிலிருந்தே பராமரிக்கும் திட்டம் மேல் மாகாணத்திற் தொடங்கிப் பின்னர் ஏனைய மாகாணங்களுக்கும் விரிக்கப்பட்டது. 1390 என்ற இலக்கத்திற்கு அழைக்கலாம். அல்லது 1904 என்ற இலக்கத்திற்குக் குறுஞ்செய்தி அனுப்பலாம். அக்குறுஞ்செய்தியின் வடிவம் ஓர் இலக்கிய மாணவனின் கவனத்துக்குரியது. மூச்செடுக்கச் சிரமப்படுவோர் ஆங்கில நெடுங்கணக்கின் முதலெழுத்தையும், காய்ச்சலுற்றோர் இரண்டாம் எழுத்தையும், குணங்குறி அற்றோர் மூன்றாம் எழுத்தையும் இட்டு, இடைவெளி விட்டு வயது, தேசிய அடையாள அட்டை இலக்கம், முகவரி ஆகியவற்றை எழுதுதல் வேண்டும். நாட்டின் நோய் அனைத்தும் ஏ, பி, சி என்ற மூன்றெழுத்துள் அடங்கிற்று.

இதனை நகைத்தல் எளிது. ஆனால் நெருக்கடியின் நடுவே, இணையமில்லாத சாதாரணக் கைத்தொலைபேசிக்கும் எட்டக்கூடியதாய், எவரும் ஒரு நிமிடத்தில் அனுப்பக்கூடியதாய் அமைந்தமை அவ்வடிவத்தின் பலம். மூச்சுத்திணறுபவரைக் காய்ச்சற்காரரிலிருந்து பிரித்தறிவதே அன்றைய அவசரம். அதற்கு மூன்றெழுத்துப் போதும். சுருக்கம் அங்கு குறையன்று. குறை இருப்பின் அது எஞ்சிய மூன்று இடங்களில் உள்ளது. வயதைப் பற்றிச் சொல்வதற்கில்லை. அடையாள அட்டை இலக்கம் என்ற இடம், 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவராக்கப்பட்டு 2003ஆம் ஆண்டின் சட்டம் வரை முழுத்தீர்வு காணாத ஒரு சமூகத்தின் முன் வைக்கப்படும்போது வெறும் இலக்கமாக நின்றுவிடுவதில்லை. முகவரி என்ற இடமோ அதனினும் சிக்கலானது. தெல்தோட்டையிலும் கலஹாவிலும் புசல்லாவையிலும் லயத்து அறைகளில் வாழ்வோர்க்கு நெடுங்காலமாகத் தனித்த முகவரி இருந்ததில்லை. தோட்டத்தின் பெயரே முகவரி. கடிதங்கள் தோட்டத்து அலுவலகத்திற்கு வந்து அங்கிருந்து கைமாறும். 1867இல் ஜேம்ஸ் டெயிலர் தேயிலையைப் பயிரிட்ட லூல்கந்துர கண்டி மாவட்டத்திலேயே உள்ளது. அம்மலைகளில் தேயிலைக்கு இலக்கமிட்ட மலைப்பிரிவுகள் உண்டாயின. அதனைப் பறித்தவரின் வாயிலுக்கு இலக்கம் இல்லாதுபோயிற்று. குறுஞ்செய்தியின் இறுதிச் சொல்லை எழுதுமிடத்தில் நோயாளி தன் குடியிருப்பின் வரலாற்றோடு மோத வேண்டியவராகின்றார்.

இதற்கு முன்னரும் இத்தீவில் இத்துறையில் ஒரு முயற்சி நடந்தது. 2008 முதல் 2010 வரை, கண்டியை அடுத்துள்ள குருநாகல் மாவட்டத்திலும் தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்திலும், லேர்ன்ஏசியா நிறுவனம் சர்வோதயத்தோடும் சென்னை இந்திய தொழினுட்பக் கழகத்தோடும் இணைந்து ஒரு பரிசோதனையை நடத்திற்று. குருநாகலிற் தொண்டர்களும் சிவகங்கையிற் கிராம சுகாதாரத் தாதியரும் நோயாளரின் வயது, பால், இடம், குணங்குறி, ஐயுறப்படும் நோய் முதலியவற்றைக் கைத்தொலைபேசியிற் பதிந்து அனுப்பினர். தொற்றுநோய் பரவுவதை முன்கூட்டி அறிவது நோக்கம். நோக்கம் நன்று. எனினும் நோயாளி சொன்னதை வைத்தியர் கேட்டு, தம் மொழியில் ஏட்டில் எழுத, அதனை இன்னொருவர் கைத்தொலைபேசியில் இடும்போது, அங்கு நோயாளியின் சொல் என்று எஞ்சியது என்ன? தொகை எஞ்சிற்று. ஒரு ஊரில் இவ்வாரம் இத்தனை வயிற்றோட்டம் என்ற தொகை சுகாதாரத் திணைக்களத்திற்கு மிக வேண்டியதே. ஆனால் அதனை நோயாளியின் குரல் எனப் பெயரிடுதல் தகாது. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமையாலேயே இத்துறை பற்றிய பேச்சிற் பெருங்குழப்பம் விளைகின்றது.

இனி, நோயாளி தானே திரையைத் தொட்டு விடையளிக்கும் செயலிகளுக்கு வருவோம். இங்குதான் மொழிப் பிரச்சினை அதன் முழு உருவில் வெளிப்படுகின்றது. உலகெங்கும் வழங்கும் நோய் வினாக்கொத்துகளிற் பெரும்பாலானவை ஆங்கிலத்திற் பிறந்தவை அல்லது ஆங்கிலத்தின் வழி பரவியவை. அவற்றைத் தமிழாக்குவோர் ஒரு தமிழை மனத்திற்கொண்டே ஆக்க முடியும். எந்தத் தமிழை என்பதே வினா. ஓர் உதாரணம் போதும். தமிழ்நாட்டில் வருத்தம் என்றால் துயரம். யாழ்ப்பாணத்திலும் கிழக்கிலும் வருத்தம் என்றால் நோய். வருத்தக்காரர் என்றால் நோயாளி. சென்னையில் மொழிபெயர்க்கப்பட்ட ஒரு வினா, கடந்த வாரம் வருத்தமாக இருந்தீர்களா எனக் கேட்குமாயின், மனச்சோர்வை அளக்கும் அவ்விடத்தில் யாழ்ப்பாணத்து நோயாளி தன் நீரிழிவை நினைத்து ஆம் என்பார். செயலி அவரை மனநோயாளர் பட்டியலிற் சேர்த்துவிடும். தலையிடி எனப் பழகியவர்க்குத் தலைவலி விளங்கும். சத்தி எனப் பழகியவர்க்கு வாந்தியும் விளங்கும். விளங்காத சொல்லால் ஆபத்துக் குறைவு. ஏனெனில் நோயாளி அதன் பொருளைக் கேட்பார். விளங்கியது போல் தோன்றி வேறாக விளங்கும் சொல்லே பெரும் ஆபத்து.

கண்டி இத்தகைய சோதனைக்கு உகந்த ஊர் என்பது இதனாலேயே. தோட்டத்துத் தமிழ், அக்குறணை, மடவளை முதலிய ஊர்களின் முஸ்லிம் மக்கள் பேசும் தமிழ், வடக்கிலும் கிழக்கிலுமிருந்து கல்விக்கும் தொழிலுக்கும் வந்தோர் தமிழ் ஆகிய மூன்றும் ஒரே கிளினிக்கின் வாங்கில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. இவற்றுள் எதற்கும் பொதுவானதெனத் தரப்படும் தமிழ் பெரும்பாலும் பாடநூற்றமிழ். ஈழத்தில் மருத்துவத் தமிழுக்கு ஒரு மரபு இல்லாமலில்லை. 1847இல் யாழ்ப்பாணம் வந்து 1873 வரை பணியாற்றிய அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் மாணவர்க்கு மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார்; மருத்துவ நூல்களைத் தமிழாக்குவித்தார். அப்பணியின் அருமையை எவரும் மறுக்கார். ஆயினும் அவர் வகுத்த மரபு வைத்தியர் மாணவர்க்குப் பேசும் மரபு. பின்வந்த கலைச்சொல் அகராதிகளும் அவ்வழியே சென்றன. உறுப்புக்கும் நோய்க்கும் மருந்துக்கும் பெயர் கிடைத்தது. நோகின்றவன் தன் நோவைச் சொல்லும் சொற்களை எவரும் தொகுத்து வைத்தியர் கையிற் கொடுக்கவில்லை.

அச்சொற்களோ ஏராளம். குத்து, குடைச்சல், உளைவு, கடுப்பு, எரிவு, இசிவு, பிடிப்பு, இழுப்பு, விண்ணென்று தெறித்தல், மரத்துப்போதல் என்பன ஒன்றுக்கொன்று மாற்றாக வழங்கத்தக்கன அல்ல. மூட்டு உளையும், எரியாது. கண் கடுக்கும், இசியாது. ரொனால்ட் மெல்சாக் என்பார் 1975இல் வெளியிட்ட மக்கில் நோவு வினாக்கொத்து, நோவினைச் சுட்டும் 78 ஆங்கிலச் சொற்களை 20 தொகுதிகளாக அடுக்கி நோயாளியின் முன் வைத்தது. நோவுக்கு அளவு மட்டுமன்றிக் குணமும் உண்டு என்பதை ஏற்றுக்கொண்ட முயற்சி அது. அம்முயற்சியைத் தமிழில் அடியிலிருந்து செய்வதாயின், முதலில் 78 சொற்களை மொழிபெயர்ப்பதை விட்டு, பேராதனைப் போதனா வைத்தியசாலை வாங்கிலிருந்து கேட்டுத் தொகுக்க வேண்டும். இன்றைய செயலிகள் பலவோ அவ்வளவு தூரமும் செல்வதில்லை. பூச்சியம் முதல் பத்து வரை ஓர் எண்ணைத் தொடுமாறு கேட்கின்றன. அவ்வெண்ணாற் பயனில்லை எனல் தவறு. சென்ற வாரம் எட்டாயிருந்தது இவ்வாரம் ஐந்தாயிற்று என்பது வைத்தியருக்கு வேண்டிய செய்தி. எனினும் எரிவு குறைந்து உளைவு கூடியபோது எண் அப்படியே நிற்கும்.

உடலும் மனமும் வேறு என்ற கோட்பாடு வினாக்கொத்தின் கட்டமைப்பிலேயே உறைந்துள்ளது. உடல் பற்றிய வினாக்கள் ஒரு பக்கம். உள்ளம் பற்றியவை மறுபக்கம். தமிழ் வழக்கு இவ்வெல்லையை மதிப்பதில்லை. வயிறு எரிகின்றது என்பவள் புண்ணைச் சொல்லலாம். கொடுமையிழைத்த ஒருவனைப் பற்றியும் சொல்லலாம். நெஞ்சு கனக்கின்றது, உடம்பு விட்டுப்போயிற்று, ஈரற்குலை நடுங்குகின்றது என்பன உடலின் பெயரால் உள்ளத்தை உரைப்பவை. உள்ளத்து உணர்வு மெய்யின்கண் தோன்றுவதை மெய்ப்பாடு எனத் தொல்காப்பியம் தனியியலாகவே வகுத்தது. நெஞ்செரிவு என்ற கட்டத்தைத் தொடும் நோயாளிக்கு அமிலத்துக்கு மருந்து கிடைக்கும். அவளுக்கு வேண்டியது அதுதானா என்பதைச் செயலி கேட்டறிய வழியில்லை.

இவ்வளவும் மொழி பற்றியன. மொழியைத் திருத்திவிட்டால் எல்லாம் சரியாகும் என நினைப்பது மொழி மாணவர்க்கு இயல்பான மயக்கம். நோய்நிலை உணர்த்துவதற்கு ஒரு விலையும் உண்டு. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குரிய சம்பளத்தைப் 'பேர்' என்பர். குறித்த நிறை கொழுந்து பறித்தாலே முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். நோயென்று சொல்லி மலைக்குச் செல்லாதவளுக்கு அன்று பேர் இல்லை. மொழி எவ்வளவு நுட்பமாக இருப்பதை கவனியாது, அதனைக் கருதாமல் ஒருவர் 'பேரை இழத்தல்' என்ற தொடரின் இரட்டைப் பொருளை எண்ணிப் பார்க்கலாம். கடந்த ஏழு நாட்களில் உமது நோய் வேலைக்கு இடையூறாயிற்றா என்பது இத்தகைய வினாக்கொத்துகளிற் காணப்படும் வழமையான வினா. சம்பளத்துடன் கூடிய சுகவீன லீவு உள்ள அலுவலருக்கு அது நேரான வினா. நாட்சம்பளக்காரிக்கு அப்படியன்று. இடையூறாயினும் அவள் மலைக்குப் போனாள். ஆதலின் இல்லை என்பாள். அவளுடைய 'இல்லை' திரையிற் சுகத்தின் அடையாளமாகப் பதியும். ஒரே வினாவுக்கு ஒரே விடை அளித்த இருவர் ஒரே நிலையில் உள்ளனர் என்ற எடுகோளின் மீதே இவ்வளவைகள் அனைத்தும் எழுப்பப்பட்டுள்ளன. வர்க்க வேறுபாடுள்ள சமூகத்தில் அவ்வெடுகோள் நிலைக்காது.

இன்னும், வீட்டுக்கு ஒரு கைத்தொலைபேசி என்னும் நிலை பல குடும்பங்களில் உண்டு. அது பெரும்பாலும் ஆடவர் கையில் அல்லது படிக்கும் பிள்ளையின் கையில் இருக்கும். மாதவிலக்குக் கோளாற்றினையும் வெள்ளைபடுதலையும் மகனின் கைத்தொலைபேசியில் ஒரு தாய் பதிவாள் என எதிர்பார்ப்பவர் அவ்வீட்டை அறியார். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறுவனங்களிடமிருந்து நோயாளியின் தகவலைக் காக்க முனைவது. லயத்தின் அடுத்த அறையிலிருந்து காக்க எந்தச் சட்டமும் இல்லை.

நோயைச் சொல்ல முடியாதவளும், அவளைக் கேளாமலே நோயறிய முற்படுவோரும் தமிழிலக்கியத்துக்குப் புதியவர் அல்லர். அகப்பாடல்களில் நோய் என்ற சொல் பெரும்பாலும் காதற்றுயரைக் குறிக்கும். தலைவி மெலிகின்றாள், உறக்கம் இல்லை, உணவு இல்லை. தாய் குணங்குறிகளைச் சரியாகவே காண்கின்றாள். காரணத்தை மட்டும் அவள் மகளிடம் கேட்பதில்லை. வேலனை அழைக்கின்றாள்; அவன் கழங்கு இட்டுப் பார்த்து முருகன் அணங்கியது என்கின்றான்; மறி அறுக்கப்படுகின்றது; வெறியாட்டு நிகழ்கின்றது. குறிஞ்சித் திணையின் இக்காட்சி, நோயாளியைக் கேளாத நோயறிதல் எவ்வாறு தவறும் என்பதன் கூர்மையான சித்திரமாகும். கழங்கு விழும் முறையில் ஒரு ஒழுங்கு இருந்தது. வேலனுக்கு ஒரு பயிற்சி இருந்தது. ஐயுறும் காரணம் எவருக்கும் இருக்கவில்லை. ஓர் எண்ணைத் தொட்டதும் நிறம் மாறும் திரையின் முன் படித்தவர் கொள்ளும் நம்பிக்கையும் இத்தகையதே என்றால் அது மிகையாகாது.

உண்மை எவ்வாறு வெளிப்பட்டது என்பதும் அப்பாடல்களில் உண்டு. தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும் சொல்லும் அறத்தொடு நிற்றல் என்னும் துறை அது. சொல் ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் வாய்க்கு மாறி மாறிச் சென்று சேர்கின்றது. கண்டியின் வார்ட்டுகளிலும் தமிழ் நோயாளியின் சொல் பல வேளைகளில் அவ்வாறே செல்லும். இரு மொழியும் அறிந்த அடுத்த கட்டிற்காரர், சிற்றூழியர், பாடசாலை செல்லும் பேரன் என எவரேனும் இடைநிற்பர். 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கிய பின்னரும் இவ்விடைநிலையாளர்களே அச்சட்டத்தைத் தம் தோளிற் சுமக்கின்றனர். செயலியின் ஆதரவாளர் முன்வைக்கும் மிக வலுவான வாதம் இங்குதான் எழுகின்றது: இடைநிலையாளர் இன்றி நோயாளி நேரே வைத்தியரோடு பேசலாம். இவ்வாதம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. பேரனின் முன் சொல்லக் கூசியதைத் திரையிடம் சொல்லக்கூடும். ஆனால் மேலே கண்டவாறு, ஆயத்தமாக அடுக்கிய விடைகளுள் ஒன்றைத் தேர்தல் நேரே பேசுதல் ஆகாது. அங்கும் ஓர் இடைநிலையாளர் இருக்கின்றார். அவர் வினாக்கொத்தை எழுதியவர். தோழிக்கும் அவருக்கும் வேறுபாடு, தோழி தலைவியை அறிவாள் என்பதே.

ஆகவே இச்செயலிகளை மதிப்பிடும்போது அவற்றின் திரையழகையோ பதிவிறக்கத் தொகையையோ அளவுகோலாகக் கொள்ளுதல் பயனற்றது. வினாவின் தமிழ் எவர் வாயிலிருந்து எடுக்கப்பட்டது. அடுக்கிய விடைகளுக்கு அப்பால் நோயாளி தன் சொல்லில் ஏதேனும் சேர்க்க இடமுண்டா. சேர்த்ததைப் படிப்பவர் உண்டா என்பனவே கேட்க வேண்டியவை. இரண்டாவதற்கு விடை அண்மையிலேயே உள்ளது. எழுதத் தயங்கும் முதியோரும் குரற்செய்தி அனுப்பத் தயங்குவதில்லை. கொழும்பிலும் மத்திய கிழக்கிலும் தொழில் செய்யும் பிள்ளைகளோடு தோட்டத்துத் தாய்மார் இன்று உரையாடுவது பெரும்பாலும் அவ்வழியேதான். அங்கு தலைவலியும் தலையிடியும் அவரவர் தமிழிலேயே செல்கின்றன. லயத்தின் மெல்லிய சுவர் குரலுக்குத் தடையே. இருந்தும் தேயிலை மலையில், மதிய ஓய்வில், மரத்தடியில் பேசுவதற்கு இடம் கிடைக்கும். குரலைப் பதிவு செய்து அனுப்பும் செயலியை ஆக்குதல் கணினி மாணவர்க்குக் கடினமன்று. கைத்தொலைபேசியில் அவ்வசதி ஏற்கனவே உள்ளது.

கடினம் மூன்றாவது வினாவில் உள்ளது. நியூயோர்க்கில் மின்னஞ்சலைப் பெற்றுச் செயற்பட்ட தாதி சம்பளம் பெற்றவர். நோயாளியின் மொழி அறிந்தவர்.  மலையிலிருந்து இறங்கிவரும் குரலைக் கேட்கத் தமிழறிந்த ஒருவர் கண்டியில் எந்த மேசையில், எத்தனை மணிக்கு, எந்தப் பதவிப் பெயரில் அமர்வார் என்பது செயலி எழுதுவோர் கையில் இல்லை. அது வைத்தியசாலையின் ஆளணிப் பட்டியலில் தீர்மானிக்கப்படும் விடயம்.